மைனா மீது போட்ட வழக்கு

போன வருஷம் பங்குனி மாதத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் சரித்திரத்துக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் என்று நீங்கள் சொல்வீர்கள்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய செங்கல் மதில் உண்டு. முன்பு அதன் வழியாக ஒரு குழாய் போயிற்று. குழாயை எடுத்த பிறகு ஓட்டை மட்டும் நின்றுவிட்டது. அந்த ஓட்டையில் மூன்று வருஷமாக ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி ஜோடி குடும்பம் நடத்தியது. புத்தகங்களில் குண்டுகரிச்சான் என்று போட்டிருக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு ஆண் குருவி முருங்கைக் கிளையின் நுனியில் உட்கார்ந்து பாட ஆரம்பிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அலாரம் கடிகாரம் தேவையில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்காக எழுந்திருக்கலாம்.

போன வருஷம் மைனாக்கள் வந்தன. முதல் நாள் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தன. இரண்டாம் நாள் உள்ளே இருந்த வேர், புல் எல்லாவற்றையும் இழுத்துக் கீழே போட்டன. மூன்றாம் நாள் இரண்டு முட்டை உடைந்து மதிலடியில் கிடந்தது. குண்டுகரிச்சான் ஜோடி இரண்டு நாள் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விட்டது. அதே ஓட்டையில் மைனாக்கள் பாலித்தீன் துண்டு, நூல், பாம்புச் சட்டை என்று கண்டதையும் திணித்துக் குடியேறின.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, ஒரு கொம்பைக் கொடுத்து அந்தக் கூட்டை இழுத்துப் போடச் சொன்னேன். அவனும் இழுத்தான். கூட்டோடு நான்கு முட்டைகள் சிமெண்ட் தரையில் விழுந்தன. நீல நிறம். "தாத்தா, இதுல முட்டை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றான் அந்தப் பையன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவினார். மறுநாள் காலையில் வழக்கம்போல் பறவைகளுக்குச் சோறு வைக்கவில்லை. "யாருக்கு வைக்கணும், யாருக்கு வைக்கக் கூடாதுன்னு நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துடுங்க" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக லிஸ்ட் போட்டவன் நான். இந்த லிஸ்ட்டை மட்டும் போட முடியவில்லை.

அன்று ராத்திரிதான் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஒரு திக்தே ஞாபகத்துக்கு வந்தது. நம் வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு திக்தே என்றால் இன்றைக்கும் கை நடுங்கும். வாத்தியார் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் மார்க்கு குறையும். ஒரு நாள் அவர் கொடுத்தது, ஒரு தீவில் பறவைகள் மேல் வழக்குப் போட்ட கதை. கதையின் பறவைக்கு 'மார்த்தேன்' என்று பெயர். பெயரில் எழுத்துப் பிழை விடக் கூடாது என்ற கவலையில், அது நம் மைனா என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அறுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீவுக்குப் போன மைனா

இந்தியப் பெருங்கடலில் இரண்டு தீவுகள். ஒன்று அன்றைக்கு 'இல் த ஃப்ரான்ஸ்', இன்றைக்கு மொரீசியஸ். மற்றொன்று அன்றைக்கு 'பூர்போன்', இன்றைக்கு ரெயூனியோன். புதுச்சேரிக்காரர்களுக்கு இரண்டும் அந்நிய ஊர் அல்ல. 1746-இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே, இந்தத் தீவுகளின் கவர்னராக இருந்தவர்தான். ரெயூனியோனில் 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் வம்சத்தைத்தான் இன்றும் அங்கே 'மல்பார்' என்கிறார்கள். உங்களில் சிலருக்கு அங்கே சொந்தக்காரர்களும் இருப்பார்கள்.

அந்தக் கூலிகள் போவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே, இந்தியாவிலிருந்து வேலைக்கு எடுத்துப் போகப்பட்டது மைனா.

காரணம் வெட்டுக்கிளி. மடகாஸ்கரிலிருந்து செடி கொண்டு வந்தபோது, வேரைச் சுற்றியிருந்த மண்ணில் வெட்டுக்கிளி முட்டையும் சேர்ந்து வந்துவிட்டது என்று பியூஃபோன் எழுதுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் அரச தோட்டத்துக்கு அதிகாரியாக இருந்து, உலகத்துப் பிராணிகளையெல்லாம் வால்யூம் வால்யூமாக எழுதியவர் இவர். பறவைகளைப் பற்றிய அவருடைய தொகுதிகள் 1770 முதல் 1783 வரை வெளிவந்தன. என் வாத்தியார் கொடுத்த திக்தேயின் மூலம் அதில்தான் இருக்கிறது.

பூர்போன் தீவில் வெட்டுக்கிளி பயிரை மொட்டையடித்தது. தெஃபோர்ஜ்-பூஷே என்ற கவர்னரும், புவாவ்ர் என்பவரும் யோசித்து, இந்தியாவிலிருந்து சில ஜோடி மைனாக்களை வரவழைத்தார்கள். புவாவ்ர் என்றால் பிரெஞ்சில் மிளகு. பெயருக்கு ஏற்றபடி அந்த மனிதர் டச்சுக்காரர்களின் காவலுக்குத் தப்பி, ஜாதிக்காயும் கிராம்பும் இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர். இங்கிலீஷ்காரனோடு நடந்த கடல் சண்டையில் ஒரு கையை இழந்தவர். பின்னாளில், 1767 முதல் 1772 வரை, இந்தத் தீவுகளுக்கு நிர்வாகியாகவும் இருந்தார்.

மைனாக்கள் பெருகின. வேலையையும் ஒழுங்காகச் செய்தன. ஆனால் புதிதாக விதைத்த வயலில் அவை மூக்கால் கிளறுவதைக் குடியானவர்கள் பார்த்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் வெட்டுக்கிளி முட்டையைத்தான் அவை தேடின. பார்த்தவர்களோ, விதையைப் பொறுக்கித் தின்கின்றன என்று முடிவு கட்டினார்கள். புகார் போயிற்று. சபை கூடியது. பறவைகளுக்காக வாதாடவும் ஆள் இருந்ததாம். கடைசியில் தீர்ப்பு மைனாக்களுக்கு எதிராகத்தான் வந்தது. தீர்ப்பு சொன்ன இரண்டு மணி நேரத்தில் தீவில் ஒரு ஜோடி கூட மிஞ்சவில்லை என்கிறார் பியூஃபோன்.

நான் எத்தனையோ ஆர்டர்களை டைப் அடித்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் அமலான ஆர்டர் ஒன்றைக் கூட என் சர்வீசில் பார்த்ததில்லை. நல்ல காரியத்துக்கான ஆர்டர் பைலில் தூங்கும், அழிக்கச் சொல்லும் ஆர்டருக்கு மட்டும் கால் முளைக்கும் போலிருக்கிறது.

பிறகு என்ன? வெட்டுக்கிளிகள் திரும்பி வந்தன. ஜனங்களுக்குத் தாங்கள் செய்த தப்பு புரிந்தது. எட்டு வருஷம் ஆன பிறகு மறுபடி மைனாக்களைத் தருவித்தார்கள். இந்தத் தடவை வந்தது நான்கே பறவைகள். தீவே கொண்டாடியது. அவற்றைக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். சட்டத்தை ஜனங்கள் மதிப்பார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். வைத்தியர்களைக் கொண்டு, மைனாக் கறி உடம்புக்கு ஆகாது என்றும் சொல்ல வைத்தார்கள். சட்டத்துக்குப் பயப்படாதவன் வயிற்று வலிக்குப் பயப்படுவான் என்பது எல்லா ஊர் சர்க்காருக்கும் தெரிந்த விஷயம்.

பக்கத்துத் தீவான மொரீசியசுக்கு 1762-இல் மைனா போனது. கொண்டு போனவராகச் சொல்லப்படுகிறவர் மோதாவ் பிரபு. இவர் நம் கர்நாடகச் சண்டைகளில் இருந்த பிரெஞ்சு அதிகாரி. 'எசூர் வேதம்' என்ற கையெழுத்துப் பிரதியை 1760-இல் வொல்தேரிடம் கொண்டு கொடுத்தவரும் இவரே. ஒரு பூச்சியை ஒடுக்க ஒரு பிராணியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போய் வெற்றி கண்ட முதல் சம்பவம் என்று பூச்சியியல் புத்தகங்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகின்றன.

இன்னொரு சின்ன விஷயம் நம் ஊர்க்காரர்களுக்காக. லின்னேயஸ் 1766-இல் மைனாவுக்கு லத்தீனில் பெயர் வைத்தபோது, பறவையின் ஊர் பிலிப்பைன்ஸ் என்று தப்பாகப் பதிவாகிவிட்டது. பின்னால் வந்த அறிஞர்கள் அதைத் திருத்தி, புதுச்சேரி என்று போட்டார்கள். ஆக, உலகத்து மைனாக்களுக்கெல்லாம் ரிஜிஸ்டரில் சொந்த ஊர் நம் ஊர்தான். அந்தப் பெயரின் முதல் பாதிக்கு வெட்டுக்கிளி வேட்டைக்காரன் என்று பொருள். அந்தப் பாதியை 1816-இல் வைத்தவர் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டாம் பாதி 'திரிஸ்திஸ்', சோகமானது என்று அர்த்தம். பிரெஞ்சிலும் 'மார்த்தேன் திரிஸ்த்' என்றுதான் சொல்கிறார்கள். மைனாவிடம் சோகத்தை எங்கே கண்டார்களோ! மங்கலான பழுப்பு நிறத்தைப் பார்த்து வைத்திருக்கலாம். அது நடக்கும் நடையைப் பார்த்தவன், புதிதாகச் சார்ஜ் எடுத்த தாசில்தார் என்றல்லவா பெயர் வைத்திருப்பான்!

வேலைக்காரன் முதலாளி ஆன கதை

இதுவரை படித்தால், பாவம் மைனா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு நீல முட்டை கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் வழக்கில் எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும் அல்லவா?

மொரீசியசில் மைனா ஜெயித்த கதை பரவியது. 1862 வாக்கில் ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்குக் கொண்டு போனார்கள், பூச்சியைத் தின்னட்டும் என்று. 1883-இல் அங்கிருந்து குவீன்ஸ்லாந்து கரும்புக் காட்டுக்கு. 1865-இல் ஹவாய்த் தீவுகளுக்கு. நியூ கலெதோனியாவுக்கு, சேஷெல்சுக்கு என்று மைனா கப்பல் கப்பலாகப் போயிற்று. போன இடத்தில் எல்லாம் பூச்சியைத் தின்றது உண்மை. அதோடு அங்கேயே பிறந்து வளர்ந்த பறவைகளின் மரப்பொந்தைப் பிடுங்கியது. முட்டையைத் தள்ளியது. குஞ்சைக் கொத்தியது.

ரெயூனியோனில் 'யூப்' என்று ஒரு பறவை இருந்தது. தலையில் வெள்ளைக் கொண்டை. மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது அடியோடு இல்லாமல் போயிற்று. காடு அழிந்தது, மனிதன் வேட்டையாடினான், எலி வந்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். மைனாவின் போட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். இன்று மியூசியங்களில் பாடம் செய்த சில உடல்கள்தான் மிச்சம்.

என்னை அதிகம் உலுக்கியது சேஷெல்ஸ் கதை. அங்கே ஒரு கறுப்புக் குருவி உண்டு, சிறகில் மட்டும் வெள்ளைப் பட்டை. நம் குண்டுகரிச்சானுக்கு ஒரே பேரினத்தில் சொந்தம், சித்தப்பன் பிள்ளை மாதிரி. 1960-களில் ஃப்ரேகாத் என்ற ஒரே தீவில், பதினைந்துக்கும் குறைவாகத்தான் அவை மிஞ்சியிருந்தன. உலகத்திலேயே அவ்வளவுதான். பூனையும் எலியும் காட்டு அழிவும் செய்த வேலையோடு, மைனாவும் கூட்டுக்குப் போட்டியாக நின்றது. பறவை ஆர்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் காப்பாற்றிப் பெருக்கி, வேறு தீவுகளுக்கும் கொண்டு போய் விட்டார்கள். 2008-இல் தெனி தீவுக்குக் கொண்டு போனபோது, அங்கே இருந்த மைனாக்கள் அவற்றைத் தாக்கித் தலையில் காயப்படுத்தின.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தீவில் ஒரு மைனா கூட இருக்கக் கூடாது. ஃப்ரேகாத்தில் எழுநூறுக்கு மேல் பிடித்தும் சுட்டும் 2011-இல் வேலையை முடித்தார்கள். தெனி தீவில் 2010-இல் ஆரம்பித்து 2015 வரை ஆயிற்று. அங்கே ஆயிரத்துக்கு மேல். கூண்டில் ஒரு மைனாவைக் கட்டி வைத்தால், சண்டை போட மற்ற மைனாக்கள் வரும், அடுத்த அறையில் மாட்டிக்கொள்ளும். அப்படியும் கடைசிச் சிலவற்றைப் பிடிக்க முடியாமல் துப்பாக்கி எடுத்தார்கள். மைனா புத்திசாலி, ஒருமுறை கண்ட பொறியில் சுலபமாக விழாது. இன்று அந்தக் கறுப்புக் குருவி சில நூறு இருக்கிறது.

பூர்போனில் இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு, இங்கே ஐந்து வருஷம். அங்கே பார்க்காமல் செய்தார்கள். இங்கே எண்ணி, எழுதி, பார்த்துச் செய்தார்கள். இரண்டும் கொலைதான். ஆனால் இரண்டையும் ஒரே பைலில் வைக்க முடியாது என்று நினைக்கிறேன்.

2000-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், உலகிலேயே மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் பறவைகள் மூன்றே மூன்று. ஒன்று மைனா. இன்னொன்று நம் கொய்யா மரத்தில் உட்கார்ந்து ரசம் வைத்த மிளகாய்ப் பழத்தைக் கூட விடாமல் தின்னும் கொண்டைக்குருவி. மூன்றாவது ஐரோப்பிய ஸ்டார்லிங். மூன்றில் இரண்டு நம் கொல்லைப்புறத்து ஜீவன்கள். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

சரி, நம் கொல்லையில்?

பட்டியலின் தலைப்பில் 'அந்நிய' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். முத்தியால்பேட்டையில் மைனா அந்நியன் இல்லை. இதுதான் அதன் ஊர். குண்டுகரிச்சானும் மைனாவும் பொந்துக்காகச் சண்டை போடுவது நம் பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே நடக்கிற பங்காளிச் சண்டை. அன்றைக்கு மரங்கள் நிறைய, பழைய மதில்கள் நிறைய, ஓட்டைகள் நிறைய. தோற்றவனுக்கும் இடம் இருந்தது. இன்றைக்கு எல்லாம் கண்ணாடியும் டைல்ஸும். ஒரே ஒரு ஓட்டைக்கு இரண்டு குடும்பம். பலசாலி ஜெயிக்கிறான்.

அந்தப் பலசாலியை வளர்த்ததும் நாம்தான். மிச்சச் சோறு, இட்லித் துண்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டி, இவைதான் மைனாவுக்குக் கல்யாணச் சாப்பாடு. என் மனைவி வைத்த சோற்றில் பெரும்பங்கு மைனாவுக்கும் காக்காய்க்கும்தான் போயிற்று. சோறு போட்டுக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, கூட்டம் சேர்ந்ததற்காகக் கூட்டை இடித்தேன். அன்றைக்குத் தரையைக் கழுவியபோது அவர் பேசாமல் இருந்ததன் அர்த்தம் இதுவாகத்தான் இருக்கும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மைனாவைப் பிடிப்பதோ, கூண்டில் அடைப்பதோ, முட்டையை அழிப்பதோ குற்றம். ஒரு ரிட்டையர்டு அரசாங்க ஊழியன் அதை ஒரு சின்னப் பையன் கையால் செய்ய வைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விட்டாலும் கூச்சம்தான்.

பிறகு நாங்கள் செய்த சில காரியங்களைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

சமைத்த சோறு வைப்பதை நிறுத்தினோம். அதற்குப் பதில் தினையும் கம்பும், ஒரு கைப்பிடி மட்டும். தானியத்தில் சிட்டுக்குருவிக்கு இருக்கும் ஆசை மைனாவுக்கு இல்லை. மீந்துபோனதை ராத்திரியே எடுத்துவிடுகிறோம். தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காமல், மண் அகலில் இரண்டு மூன்று இடத்தில் வைக்கிறோம். ஒரு ரவுடி ஒரு நேரத்தில் ஒரு தெருவில்தான் நிற்க முடியும்.

தச்சரிடம் சொல்லி இரண்டு மரப்பெட்டி செய்தேன். சிட்டுக்குருவிப் பெட்டிக்கு வாசல் 32 மில்லிமீட்டர் வட்டம். இதைவிடப் பெரிதாக வைத்தால் நாம் மைனாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம். வாசலுக்கு முன்னால் உட்காரக் குச்சி வைக்கக் கூடாது. அது குருவிக்கு வேண்டியதில்லை, எதிரிக்குத்தான் வசதி. மதில் ஓட்டையின் முன்னால் ஒரு பலகையை அடித்து, வாசலைக் குறுக்கினேன், குண்டுகரிச்சான் மட்டும் நுழையட்டும் என்று. மைனாவுக்கென்று இன்னொரு பெரிய பெட்டியை வீட்டின் அந்தக் கோடியில், மாடி ஷேடுக்குக் கீழே மாட்டினேன். பக்கத்து வீட்டுத் தம்பிதான் ஏணி பிடித்தான். "இது யாருக்கு தாத்தா?" என்றான். "நீயும் நானும் வீட்டை இடிச்சோமே, அவங்களுக்கு" என்றேன்.

இந்த வருஷம் பங்குனியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சிட்டுக்குருவிப் பெட்டியில் ஒரு ஜோடி வந்தது. மைனாக்கள் ஷேடுக்குக் கீழே பெட்டியைப் பார்த்தன, பிடிக்கவில்லை, எதிர்வீட்டு ஏசி மெஷின் பின்னால் குடியேறிவிட்டன. குண்டுகரிச்சான் மதிலுக்கு வந்தது. பலகையில் உட்கார்ந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. இரண்டு நாள் வந்தது, மூன்றாம் நாள் வரவில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு பட்டுப்போன தென்னை மரம் நிற்கிறது, அதன் பொந்தில் கூடு வைத்திருப்பதாக என் மனைவி சொல்கிறார். அந்தத் தென்னையை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆடி வரைக்கும் பொறுக்கும்படி அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

விடியற்காலை நாலரைக்குப் பாட்டு கேட்கிறது. முன்பு போலப் பக்கத்தில் இல்லை, கொஞ்சம் தூரத்தில். ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்கும்.